தேர் போக ஒரு வீதி, வடம் போக ஒரு தெரு… தெரியுமா?

தேர் இழுக்கும் கயிற்றுக்கென்றே தனியாக ஒரு தெரு போட்டார்கள் நம் ஊர்களில். தெரியுமா உங்களுக்கு?

கோயில் ஊர்களில் தேரோடும் வீதியைச் சுற்றி வரும்போது மூலைகளில் நின்று பெயர்ப்பலகையைப் பாருங்கள். ‘வடம்போக்கித் தெரு’ என்று எழுதியிருக்கும். ஒன்றிரண்டு ஊர்களில் இல்லை, பல ஊர்களில்! அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட ஏதோ பழைய பெயர் என்று கடந்து போய்விடுகிறார்கள்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முன்னால் பல அடி நீளத்துக்கு வடம், அதைப் பிடித்தபடி நூற்றுக்கணக்கான பேர். தேர் மூலைக்கு வந்தால்தான் திருப்ப முடியும். ஆனால் தேர் மூலைக்கு வருவதற்கு வெகுநேரம் முன்பே வடம் பிடித்தவர்கள் மூலைக்கு வந்துவிடுவார்களே! எதிரே வீட்டுச் சுவர் இருந்தால் என்ன ஆகும்? இழுக்கிறவர்கள் சுவரில் முட்டி நிற்பார்கள், தேர் பாதி வீதியிலேயே நின்றுவிடும். அதனால் என்ன செய்தார்கள்? தேர்வீதியின் அதே நேர்கோட்டில், மூலைக்கு அப்பாலும் ஒரு தெருவை நீட்டிவிட்டார்கள். வடமும் மக்களும் அந்தத் தெருவுக்குள் நேரே போவார்கள், தேர் மூலை வரை வந்து நிற்கும், முட்டுக்கட்டை போட்டு மெல்ல மெல்லத் திருப்புவார்கள், வடத்தை அடுத்த வீதிக்கு மாற்றிப் பிடிப்பார்கள். வடம் போவதற்கான தெரு, வடம்போக்கி! திருவாரூர் ஆழித்தேரை நேரில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். சுமார் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை என்று சொல்லப்படும் அந்த மலை, நாலு வீதி சுற்றி நிலைக்கு வந்து சேர்கிறது என்றால், இழுப்பவர் தோளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வீதியை அளந்து போட்டவருக்கும் உண்டு.

தெரு போடுவதற்கு முன்னால் ‘இதில் யார் வருவார்கள், எதற்கு வருவார்கள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உலகத்தின் நல்ல தெருக்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஒரு கேள்விதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் செய்த அதிசயங்களைப் பாருங்கள்!

மதுரையிலிருந்தே தொடங்கலாம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று தாமரை இதழ் போல அடுக்கடுக்காக வீதிகள். பெரும்பாலும் மாதப் பெயர்கள். திருவிழாக் காலண்டரையே தரையில் வரைந்து வைத்தது போல. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. தேரோடுவது மாசி வீதிகளில், அதற்கேற்ற அகலம் அவற்றுக்கு. வெளி வீதி எப்படி வந்தது தெரியுமா? 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட், மேஸ்திரி பெருமாள் இருவர் பெயரும் இன்றும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று வழங்குகின்றன. ஒரு கலெக்டர், ஒரு சர்வேயர், ஒரு மேஸ்திரி. மேஸ்திரிக்கு வீதி கொடுத்த ஊர் மதுரை!

தமிழில் தெருவுக்கு எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? வீடுகள் வரிசையாக இருந்தால் தெரு. தேரும் சாமியும் வந்தால் வீதி. ஊர்விட்டு ஊர் போனால் சாலை, நாடுவிட்டு நாடு போனால் பெருவழி. இரண்டு தெருவை இணைத்தால் சந்து. தெற்கத்திப் பக்கம் அதைவிடக் குறுகலாகப் போனால் முடுக்கு. கொங்கு நாட்டில் இரண்டு பக்கமும் வேலிக்கு நடுவே மாடும் வண்டியும் போனால் இட்டேரி. யாழ்ப்பாணத்தில் வேலிகளுக்கு நடுவே வீடுகளுக்குப் போகும் பாதை ஒழுங்கை. அகலத்தை மட்டும் சொல்லும் சொற்கள் இல்லை இவை. இன்னாருக்கு, இன்ன வேலைக்கு என்று சொல்லும் சொற்கள். எல்லாவற்றையும் இன்று ‘ரோடு’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். சொல் ஒன்றானதும் தெருவும் ஒன்றாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிற ஆள் அதை இறக்கி வைக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும்; மறுபடி தூக்கிவிடவும் ஒரு கை வேண்டும். ஆளில்லாத வழியில் யார் கொடுப்பார்? அதனால் சுமை இருக்கும் உயரத்துக்கே கல்! நின்றபடியே சுமையைக் கல்லுக்கு நகர்த்தலாம், இளைப்பாறலாம், நின்றபடியே தலைக்கு மாற்றிக்கொண்டு போகலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்களின் நினைவாகப் பல ஊர்களில் இதை நட்டார்கள். வயிற்றுச் சுமையோடு போனவளுக்காக, வழியில் வருகிறவர்களின் சுமையை இறக்கி வைக்கும் கல். இதைவிடக் கருணையுள்ள தெருப்பொருள் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், நான் கும்பிடுகிறேன்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. அதியமான் பெருவழியில் நின்ற, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைல்கல். நாவல் தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் என்று சொல்கிறது. அதிசயம் அந்த எண்ணில் இல்லை. எழுத்தில் பொறித்ததோடு விடாமல், பக்கத்திலேயே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் குடைந்து வைத்திருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று! எழுத்து தெரியாத வண்டிக்காரர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், இருட்டில் வருகிறவர் விரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம்.

விரலுக்குச் சொன்ன அதே செய்தியைக் காலுக்குச் சொன்னவர் ஒரு ஜப்பானியர்! மெட்ரோ ரயில் நிலையத்தில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஓடும் கற்களைப் பார்க்கிறீர்களே, அழகுக்குப் போட்டது என்றா நினைத்தீர்கள்? செய்ச்சி மியாகே என்பவர் பார்வையற்றவர்களுக்காக உருவாக்கியது அது. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் ‘வா, இப்படியே நட’. உருண்டைப் புள்ளி என்றால் ‘நில், முன்னால் ஏதோ இருக்கிறது’. செருப்புக்கு அடியில் இந்த இரண்டே எழுத்து, உலகம் முழுக்கப் படிக்கிறார்கள்! மஞ்சள் ஏன்? ஓரளவு பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியும் என்பதால். அந்த மஞ்சள் கோட்டின் மேல் பைக்கை நிறுத்துகிறவர்கள் ஒருவருடைய கண்ணின் மேல் நிறுத்துகிறார்கள்.

இன்னும் பின்னால் போகலாமா? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பாம்பேய் நகரத் தெருக்களில், குறுக்கே பெரிய பெரிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. தெருவில் தண்ணீரும் சாக்கடையும் ஓடும். மக்கள் காலை நனைக்காமல் கல்லுக்குக் கல் தாண்டிப் போவார்கள். வண்டி எப்படிப் போகும் என்கிறீர்களா? கற்களுக்கு நடுவே சக்கரம் புகும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள்! ஒரே இடத்தில் நடப்பவருக்கும் வண்டிக்கும் நீருக்கும் மூன்று பேருக்கும் வழி. சக்கரம் உரசி உரசித் தேய்ந்த தடம் அந்தக் கல் தரையில் இன்றும் தெரிகிறது.

அதற்கும் முன்னால், கி.மு. 45வாக்கில், ரோம் நகரத்தில் ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் ஒன்று பகல் நேரத்தில் பெரும்பாலான சரக்கு வண்டிகள் நகருக்குள் வரத் தடை போட்டது. பகல் நடப்பவர்களுக்கு, ராத்திரி வண்டிகளுக்கு! நம் ஊர்களில் லாரி வரும் நேரத்தைக் கட்டுப்படுத்துகிறார்களே, அந்த யோசனைக்கு இரண்டாயிரம் வயது.

மிருகங்கள் உலவும் தெரு

இதைக் கேட்டால் குழந்தைகள் துள்ளுவார்கள். பிரிட்டனில் சாலையைக் கடக்கும் இடங்களுக்கெல்லாம் மிருகங்கள், பறவைகள் பெயர்! 1951இல் சட்டப்படி வந்தது ஜீப்ரா. பிறகு பாண்டா வந்து மறைந்தது. அப்புறம் பெலிக்கன், பட்டன் அழுத்தினால் பச்சை வரும். பஃபின் இன்னும் கெட்டிக்காரப் பறவை: மேலே இருக்கும் சென்சார், நடப்பவர் இன்னும் கடந்து முடிக்கவில்லை என்று தெரிந்தால் வண்டிகளுக்குச் சிவப்பை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். டூக்கன், நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து கடக்க. பெகாசஸ் எதற்குத் தெரியுமா? குதிரையில் வருகிறவர்களுக்கு! குதிரை மேல் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் இன்னொரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டனை நினைத்தால் எனக்கு நம் சுமைதாங்கிக் கல்தான் ஞாபகம் வருகிறது. உயரத்தை அளந்தவர் மனிதரை முதலில் அளந்திருக்கிறார்.

இன்னொன்று, பிரிட்டனிலேயே பலருக்குத் தெரியாதது. பட்டன் பெட்டிக்கு அடியில் கையை விட்டுத் தடவினால் சின்னதாக ஒரு உலோகக் கூம்பு தட்டுப்படும். பச்சை விழுந்ததும் அது சுழலும்! கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்றாலும் விரல் நுனி சொல்லிவிடும், ‘இப்போது கடக்கலாம்’ என்று.

பச்சை எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? சாலையின் அகலத்தை மனிதர் நடக்கும் வேகத்தால் வகுக்கிறார்கள். விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது பல நாடுகளில் வெகுகாலம் புழங்கிய கணக்கு. வயதானவர்கள் பலரால் 1 மீட்டர்கூட முடியாது. என் அம்மாவை ஒருமுறை எங்கள் ஊர்ச் சந்திப்பு ஒன்றில் கைபிடித்துக் கூட்டிப் போனேன். நடு ரோட்டில் இருக்கும்போதே பச்சை அணைந்துவிட்டது. நாலு பக்கமும் ஹாரன். “நான்தாண்டா மெதுவா நடக்கிறேன்” என்று அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள். தப்பு அவள் காலில் இல்லை அம்மா, அந்தக் கணக்கில் இருக்கிறது என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிங்கப்பூர் அந்தக் கணக்கைத் திருத்தியது. 2009 முதல் அங்கே மூத்த குடிமக்கள் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் தட்டினால் போதும், கடக்கும் தூரத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி வரை பச்சை கூடுதலாக எரியும். 13 விநாடி! ஓர் ஊர் தன் பாட்டிமாருக்கு எழுந்து நின்று இடம் கொடுப்பது போல இல்லையா?

குழந்தைகள் வாங்கிக் கொடுத்த முற்றம்

நெதர்லாந்து என்றாலே சைக்கிள் நாடு என்று எண்ணுகிறோம். அது பிறவிக் குணம் இல்லை, தெரியுமா? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார் வெள்ளம்தான். கட்டடங்களை இடித்து ரோட்டை அகலப்படுத்தினார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் 3,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயர் ஆனது. தாய்மாரும் தகப்பன்மாரும் தெருவில் உட்கார்ந்தார்கள். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. ஆளில்லா நெடுஞ்சாலையில் குழந்தைகள் ஸ்கேட்டிங் போனதை நாடே பார்த்தது.

இதற்குச் சில வருஷம் முன்பே, 1960களின் கடைசியில், டெல்ஃப்ட் நகரத்தில் ஒரு புது மாதிரித் தெரு பிறந்திருந்தது. அதன் பெயர் வூனெர்ஃப். ‘வசிக்கும் முற்றம்’ என்று சொல்லலாம். முற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு உள்ளே ஏதோ சிலிர்க்கிறதே! அங்கே நடைபாதை, ரோடு என்று பிரிவே கிடையாது. தரை முழுக்க ஒரே மட்டம். நேர்கோடும் கிடையாது. ஒரு மரம், ஒரு பெஞ்ச், ஒரு பூந்தொட்டி, நடுவே வளைந்து வளைந்து வழி. காரும் வரலாம், ஆனால் விருந்தாளியாக, நடக்கும் வேகத்தில். குழந்தைகள் தெருவின் முழு அகலத்திலும் விளையாடலாம். 1976இல் இதற்குச் சட்டமே வந்தது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்று போர்டு வைத்துவிட்டுக் கைகழுவவில்லை அவர்கள். வேகமாகப் போகவே முடியாதபடி தெருவை வரைந்தார்கள்!

இதுதான் தெரு வரைகிறவர்களின் பெரிய ரகசியம். ஓட்டுநரின் கால், போர்டைப் பார்ப்பதில்லை, அகலத்தைப் பார்க்கிறது. ஒரு கார் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலம். அதற்கு 3 மீட்டர் தடம் கொடுத்தால் கவனமாகப் போகும், 3.6 மீட்டர் கொடுத்தால் நெடுஞ்சாலை என்று நினைத்துப் பறக்கும். தெருமுனையைப் பெரிய வளைவாகச் செதுக்கினால் வண்டி வேகம் குறையாமல் திரும்பும், கூர்மையாக விட்டால் நின்று நிதானித்துத் திரும்பும். வேகம் இரட்டிப்பானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும், பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருகிறவர் திடுக்கிட்டுக் காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஒரே விநாடியில் கார் 14 மீட்டர் வந்துவிடும். 30 கிலோமீட்டரில் 8 மீட்டர். நடுவில் இருக்கும் அந்த 6 மீட்டரில் ஒரு குழந்தை நிற்கலாம். பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் வரம்பு. அங்கே 2024 ஜூலை முதல் ஓராண்டு முழுக்கச் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஒருவர்கூட!

பனி பெய்தால் தெருவின் உண்மை தெரிந்துவிடும் என்பது தெரியுமா? நியூயார்க் போன்ற ஊர்களில் பனி கொட்டிய மறுநாள் சந்திப்புகளைப் படம் எடுக்கிறார்கள். சக்கரம் பட்ட இடம் கறுப்பாக, படாத இடம் வெள்ளையாக இருக்கும். பார்த்தால், மூலைகளில் எவ்வளவோ இடத்தை எந்தக் காரும் தொட்டிருக்காது! அந்த வெள்ளை இடம் முழுக்க நடைபாதைக்குக் கொடுத்திருக்கலாமே என்று வானமே கோடு போட்டுக் காட்டுகிறது. ஸ்வீடனில் கார்ல்ஸ்கூகா என்ற ஊர் பனியிடமிருந்து வேறொரு பாடம் கற்றது. முதலில் பெரிய சாலைகளில் பனி அள்ளி, நடைபாதையைக் கடைசிக்கு விட்டிருந்தார்கள். யார் காரில் போகிறார்கள், யார் குழந்தையைப் பள்ளியில் விட நடந்து போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தபோதுதான், இந்த வரிசையில் பெண்கள் கடைசியில் நிற்பது தெரிந்தது. வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். கொஞ்சம் பனி கிடந்தாலும் கார் போய்விடும், குழந்தையின் தள்ளுவண்டி போவது கடினம். நமக்குப் பனி இல்லை, மழைத்தண்ணீர் இருக்கிறது. எந்த ஊரில் முதலில் நடைபாதைத் தண்ணீரை இறைக்கிறார்கள்?

ஏழு வகைத் தெரு

இந்தியாவிலேயே ஒரு நகரம் தெருக்களை வேலைவாரியாகப் பிரித்து எண் கொடுத்துக் கட்டப்பட்டது. சண்டிகர்! கட்டடக் கலைஞர் லே கொர்புசியே 1950களில் அதற்கு ‘வி’ வரிசை போட்டார். வி1 வெளியூரிலிருந்து வரும் சாலை. வி2 நகரத்தின் பெரும் வீதிகள். வி3 ஒவ்வொரு செக்டரையும் சுற்றி வேகமாக ஓடும் சாலை. அதைப் பார்த்து எந்த வீட்டு வாசலும் திறக்காது. வி4 செக்டருக்குள் வளைந்து போகும் கடைத்தெரு. கடைகள் ஒரே பக்கம், அதுவும் நிழல் விழும் பக்கம். வி5 செக்டருக்குள் சுற்றி வருவது, வி6 வீட்டு வாசலுக்குப் போவது, வி7 பசுமைப் பட்டையின் நடுவே பள்ளிக்கும் பூங்காவுக்கும் நடந்து போகும் பாதை. சைக்கிளுக்காகப் பிறகு வி8 சேர்ந்தது. ஒரு செக்டர் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். குழந்தை வேகச் சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். சண்டிகர் எனக்கு முழுக்கப் பிடித்த ஊர் என்று சொல்லமாட்டேன். அகன்ற வி3 சாலைகளை நடந்து கடப்பது பெரும்பாடு, தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வரிசையில் எண்ணே கிடையாது. ஆனாலும், ஒரு தெரு எல்லா வேலையையும் செய்யாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை என்று ஓர் ஊர் முழுவதையும் எழுதிப் பார்த்தார்களே, அது அசாத்தியமான துணிச்சல்.

ஒரே தெரு எல்லா வேலையையும் செய்தால் என்ன ஆகும் என்று அளந்தே பார்த்தவர் டொனால்ட் ஆப்பிள்யார்ட். சான்பிரான்சிஸ்கோவில், பார்க்க ஒன்றுபோல இருந்த மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டி, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஆளுக்குச் சராசரியாக 3 நண்பர். வண்டி நிறைந்த தெருவில் 0.9! ஒருவர்கூட முழுதாக இல்லை! ‘உங்கள் வீடு எது வரை?’ என்று வரையச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் முழுத் தெருவையும் வரைந்தார்கள். மூன்றாவது தெருக்காரர்கள் தங்கள் கதவோடு நிறுத்திக்கொண்டார்கள். திண்ணைகள் ஏன் கம்பிக் கதவுகளாக மாறின என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை. 1982இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த ஒரு கார் மோதி ஆப்பிள்யார்ட் இறந்துபோனார்.

இன்னும் எத்தனை அதிசயங்கள்! இங்கிலாந்தின் ஸ்விண்டனில் 1972 முதல் ஒரு ரவுண்டானா இருக்கிறது. ஐந்து குட்டி ரவுண்டானாக்கள் சேர்ந்து நடுவில் ஒன்றைச் சுற்றுகின்றன, நடுவில் இருப்பது எதிர்த்திசையில் சுற்றுகிறது! நாலு சாலை சந்திக்கும் சாதாரணச் சந்திப்பில் வண்டிக்கு வண்டி மோதக்கூடிய புள்ளிகள் 32, ரவுண்டானாவில் 8தான். நியூசிலாந்தின் டனீடினில் பால்ட்வின் தெரு அவ்வளவு செங்குத்து. தார் போட்டால் வெயிலில் வழிந்துவிடும் என்று கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தென்கொரியாவின் சியோலில் 2003 முதல் 2005 வரை ஒரு மேம்பாலச் சாலையையே பெயர்த்தெடுத்து, கீழே மூடிக் கிடந்த சியோங்கியேசியோன் ஓடையை 5.8 கிலோமீட்டருக்குத் திறந்துவிட்டார்கள். அதன் கரையில் இன்று ஜனங்கள் காலை நனைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இல் தொடங்கிய வழக்கம், ஞாயிறு காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பெருஞ்சாலைகளில் கார் கிடையாது. சைக்கிள், நடை, தள்ளுவண்டிக் குழந்தை, நாய்க்குட்டி. நம் ஊர் வாரச்சந்தை போலத்தான். கிழமை மாறினால் தெருவின் தொழிலும் மாறும்.

பக்கத்தில் வருவோம். சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அப்படி முதலில் செய்தது சென்னைதான்! 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. தீபாவளிக்குத் துணி எடுக்க அங்கே ரோட்டில் இறங்கி, ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒண்டி ஒண்டிப் போன தலைமுறை நாங்கள். இப்போது அங்கே கல் பெஞ்சில் உட்கார்ந்து சோளம் தின்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது கண் நிறைகிறது. குறைகள் உண்டு, பராமரிப்பு தினமும் பார்க்க வேண்டிய வேலை. ஆனால் முடியும் என்பது தெரிந்துவிட்டது அல்லவா? 2014இலேயே நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் தெருவுக்கு இடைஞ்சல் இல்லை, தெருவைப் பயன்படுத்துகிறவர்கள். அவர்களுக்கும் அளந்து இடம் விட வேண்டும் என்பதே அதன் சாரம். ராத்திரி பத்து மணிக்குத் தனியாக வரும் பெண்ணுக்கு, வெளிச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாவைவிடப் பெரிய காவல் ஏது?

கடைசியாக ஒன்று, இது நிச்சயம் பலருக்குத் தெரியாது. நம் நாட்டிலும் நடைபாதைக்கு அளவு உண்டு! இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 103, தெளிவாகச் சொல்கிறது: கம்பம், குப்பைத்தொட்டி, மரம் எதுவும் குறுக்கிடாமல் நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர் அகலம். தலைக்கு மேல் 2.2 மீட்டர் காலியாக. ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது அரை அடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போக இந்த அகலம் போதும்.

தையல்காரரிடம் இருக்கும் டேப் போதும். நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது உங்கள் தெரு நடைபாதையை அளந்து பாருங்கள். 1.8 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறடி. குறைந்தால் அளவையும் இடத்தையும் எழுதி, ஒரு போட்டோவோடு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். ஒகயாமாவிலும் முதலில் ஒரே ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் கல்லைப் பதித்தார்கள்.